முதுகுக்கு வந்த போன்

அத்தியாயம் ஒன்பது

இருபது வருடமாகக் காத்திருந்த போன் வந்தே விட்டது. ஆனால் கீழ் வீட்டுத் தேவகிக்கு வரவில்லை. மாடி வீட்டுச் சௌந்தர்யாவுக்கு வந்தது. அந்த இடத்தில்தான் போன வாரம் தேவகியை விட்டோம். அதற்குப் பிறகு ஏழு நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் பொருத்தமாக இருக்கும். ஆனால் நன்றாகவே இறங்கியது. சந்தோஷச் செய்திக்காகச் சௌந்தர்யா ஆற்காட்டிலிருந்து வரவழைத்துக் கொடுத்த மக்கன் பேடாவில்கூட இரண்டைத் தின்றுவிட்டு, "இனிப்பு ஜாஸ்தி" என்றாள்.

புதிதாக வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்காக விஷயத்தைச் சுருக்கிவிடலாம்.

'கண்மணி பங்களா' என்ற தொடர் ஓடிய காலத்தில், ஏழரை மணிக்கு ஆம்பூர்க் குழாய்களில் தண்ணீர் வந்தால் குடத்தோடு நிற்க ஆள் இருக்காது. அதில் காவேரி என்கிற வாய் பேசாத தங்கையாக வந்தவள் தேவகி. படப்பிடிப்பை வேடிக்கை பார்க்கப் போன இடத்தில் அவள் கண்ணின் அளவைப் பார்த்த டைரக்டர், "நீ பேச வேணாம்மா, முழிச்சாப் போதும்" என்று சேர்த்துக்கொண்டார். நாற்பத்தொரு பகுதிகள் முழித்தாள். ஒரு வசனம்கூடப் பேசவில்லை. அந்தக் குறையை அதற்குப் பிறகு இருபது வருடமாக ஊரில் பேசித் தீர்த்துக்கொண்டிருக்கிறாள்.

நாற்பத்தோராவது பகுதியில் காவேரியை மாமியார்க்காரி கிணற்றில் தள்ளினாள். உடல் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காத யாரும் மெகா தொடரில் செத்ததாகச் சரித்திரம் இல்லை. எனவே கடைசிப் பகுதியின் கடைசிக் காட்சியில், காவேரியின் மாம்பழ நிறச் சேலை கட்டிய ஒருத்தி பாலாற்றுப் பாலத்தின் மேல் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து போனாள். திரும்பவே இல்லை. முற்றும் போட்டுவிட்டார்கள்.

அந்த முதுகு தேவகியுடையது அல்ல. அவள் அப்போது தலைப்பிரசவத்துக்குக் குடியாத்தத்தில் அம்மா வீட்டில் இருந்தாள். அவளைத் தேடி வந்த படப்பிடிப்புக்காரர்கள், ஆள் இல்லையென்றதும், அவள் புருஷன் சம்பத்தின் கம்பெனியில் தையல் பிரிவில் இருந்த சௌந்தர்யா என்ற பெண்ணை அவசரத்துக்கு நடக்க வைத்தார்கள். சம்பத் சாம்பிள் ரூம் அலமாரியிலிருந்து கைக்குக் கிடைத்த ஒரு ஜோடிச் செருப்பை எடுத்துக் கொடுத்தான். இப்படித்தான் அவன் இருபது வருடமாகச் சொல்லி வருகிறான். பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து அதைப் பார்த்த அவன் தம்பி கௌதம், முதுகைப் பார்த்தே மனசைப் பறிகொடுத்தான். அடுத்த தையில் முகத்தையும் பார்த்துத் தாலி கட்டினான். அப்படியாக அந்த முதுகு தேவகிக்கு ஓர்ப்படியாகி மாடியில் குடியேறியது.

இப்போது சானல்காரர்கள் பழைய பங்களாவைத் தூசி தட்டுகிறார்கள். அதே பாலம், அதே சேலை, அதே நடை. இந்தத் தடவை அவள் திரும்புவாள். நியாயப்படி திரும்பினால் தெரிய வேண்டியது தேவகியின் முகம். ஆனால் யாரோ அந்தக் கடைசி நடையை வெட்டிக் கைப்பேசியில் விட, பதினோரு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். பதினோரு லட்சம் பேர் பார்த்த பிறகு முகமாவது, முதுகாவது! போன் முதுகுக்குப் போயிற்று.

தேவகி விடவில்லை. சம்பத்தை நச்சரித்து, சானலுக்குப் பேச வைத்து, தன்னையும் பார்க்கச் சம்மதம் வாங்கிவிட்டாள். இன்றைக்கு மாலை நான்கு மணிக்கு, பைபாஸ் ஓரக் கல்யாண மண்டபத்தில் இருவருக்கும் சோதனை. நடந்து காட்டித் திரும்பிப் பார்க்க வேண்டும். ஒருத்திதான் காவேரி.

இனி, இன்றைய காலை.

விடிந்ததிலிருந்து தேவகியின் தலைக்கு மேலே யாரோ நடந்துகொண்டிருந்தார்கள். பதினான்கு அடி போக, ஒரு நிறுத்தம், பதினான்கு அடி வர. மொட்டை மாடியில் சௌந்தர்யா நடை பழகுகிறாள். வாரம் முழுக்க இதே கூத்து. ஒருவரை மனதார வெறுக்க வேண்டுமானால் அவருக்குக் கீழ் வீட்டில் குடியிருந்தால் போதும்.

"நல்லா நடக்கிறா" என்றான் சம்பத், காப்பியை உறிஞ்சியபடி. அவன் இப்போது பேரணாம்பட்டு சாலைக் கம்பெனியில் சாம்பிள் ரூம் இன்சார்ஜ். எதைச் சொன்னாலும் அதற்கு முன்னால் ஒரு வார்த்தை போட்டுத்தான் சொல்வான். "டெக்னிக்கலா பாத்தா, குதிகால் மொதல்ல எறங்குது. அதான் அழகு."

"உங்களுக்கு சத்தத்துலயே தெரிஞ்சிடுமா?"

"முப்பது வருஷ சர்வீஸ் தேவகி."

"என் குதிகால் எப்டி எறங்குது?"

சம்பத் காப்பி டம்ளருக்குள் பார்த்தான். "உனக்கு முட்டி வலி இருக்கில்ல" என்றான்.

காலடிச் சத்தம் நின்றது. மாடிப்படியில் இறங்கி வந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் கவரோடு சௌந்தர்யா வாசலில் நின்றாள். நாற்பத்திரண்டு வயது. இடுப்பில் ஒரு சுற்று ஏறாத உடம்பு. தேவகி அதை ஒவ்வொரு தீபாவளிக்கும் குறித்து வைத்திருக்கிறாள்.

"அக்கா, இருக்கீங்களா?"

"எங்க போய்டப் போறேன். எனக்கு யார் போன் பண்ணிக் கூப்பிடுறாங்க?"

சௌந்தர்யா சிரித்துக்கொண்டே உள்ளே வந்து கவரைப் பிரித்தாள். உள்ளே இன்னொரு கவர். அதற்குள் செய்தித்தாள். அதற்குள் பழுப்பு நிறத்தில், பக்கவாட்டில் பித்தளை வளையம் வைத்த ஒரு ஜோடிச் செருப்பு. இருபது வருடத்துக்கு முன் பாலத்தில் நடந்தவை. புத்தம் புதிதாக இருந்தன.

"அதே செருப்பு வேணும்னு கண்டிஷனா சொல்லிட்டாங்கக்கா. அன்னிக்கிக் கழட்டி வச்சதுதான். அப்புறம் கால்ல போடவே இல்ல."

"இருபது வருஷமாவா?"

"பின்ன? காவேரி செருப்பாச்சே. போட்டுக்கிட்டு காய்கறிக்கா போவ முடியும்?"

காவேரி செருப்பு! காவேரியே இங்கே நைட்டியோடு நிற்கிறாள். அவளுக்கு எதிரே வந்து காவேரி செருப்பாம்.

"மேல அப்பர் தையல் நான் பாத்துட்டேன். ஒரு பிரி விடல. அடியில சோலு உங்க டிபார்ட்மெண்ட்டு. ஒரு தடவ பாத்து ஓக்கேன்னு சொல்லிடுங்கக்கா, எனக்குத் தெம்பா இருக்கும்."

இங்கே தேவகியின் உத்தியோகத்தைச் சொல்ல வேண்டும். ஷூ கம்பெனியில் ஃபினிஷிங் லைனின் கடைசியில் நிற்கும் செக்கர் அவள். பெல்ட்டில் வரும் ஒவ்வொரு ஜோடியையும் எடுத்துத் திருப்பிப் பார்ப்பாள். குறை இருந்தால், நகத்தளவு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றைக் குறையைக் காட்டும்படி ஒட்டித் திருப்பி அனுப்புவாள். என்ன குறை என்று வாயால் சொல்வதில்லை. அதைச் செய்தவனுக்குத் தெரியும். ஊமைப் பாத்திரத்துக்கு ஏற்ற வேலை. அந்த ஸ்டிக்கர் தாள் ஒன்று எப்போதும் அவள் பர்ஸில் கிடக்கும்.

தேவகி இடது செருப்பைக் கையில் வாங்கினாள். பழக்கத்தில் கட்டைவிரல் தானாகவே அடிப்பாகத்தின் வளைவுக்குப் போய் அழுத்தியது.

அமுங்கியது. திரும்ப எழும்பவில்லை.

நமத்துப்போன ரஸ்க்கை அழுத்திய மாதிரி இருந்தது. ஓரத்தில், கண்ணாடி போடாதவர்களுக்குத் தெரியாத ஒரு கீறல் மயிரிழையாக ஓடியது. பி.யூ. என்கிற நுரை பிளாஸ்டிக்கில் செய்த சோல். நடந்தால் வருடக்கணக்கில் உழைக்கும். பொத்தி வைத்தால் உள்ளுக்குள்ளேயே இற்றுப்போகும். கடையில் விற்காமல் கிடந்து திரும்பி வந்த சரக்குகளில் அவள் நூறு ஜோடி பார்த்திருக்கிறாள். பத்தடிகூடத் தாங்காது.

பர்ஸ் எதிரே மேஜையில்தான் இருந்தது.

"இன்னாக்கா?" சௌந்தர்யாவின் முகத்தில், பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு நிற்கும் பிள்ளையின் நம்பிக்கை இருந்தது. பதினெட்டு வருடச் சர்வீஸில் தேவகி தெரிந்தே ஒரு குறையைக்கூட விட்டதில்லை. ஜெர்மன்காரன் வந்து கைகுலுக்கிவிட்டுப் போயிருக்கிறான்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் தேவகி.

கம்பெனியில் அன்று காலை பெல்ட்டில் வந்த ஷூக்களுக்கு நேரம் சரியில்லை. பத்து மணிக்குள் தேவகி முப்பத்திரண்டு ஜோடிக்கு அம்பு ஒட்டிவிட்டாள். லைன் சூப்பர்வைசர் ஓடி வந்தான்.

"இன்னா மேடம் இது? இந்த ஜோடில இன்னா குறை?"

தேவகி அம்பைக் காட்டினாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே!"

"அதான் நீ சூப்பர்வைசர்" என்றாள்.

சாப்பாட்டு மணிக்கு, சோல் ஒட்டும் பிரிவிலிருந்து சைரா டிபன் பாக்ஸோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். மேல்விஷாரத்தில் பிறந்து, ஆம்பூரில் வாழ்க்கைப்பட்டு, இருபது வருடமாகப் பசை வாசனையில் உட்கார்ந்திருப்பவள். உலகத்தில் எதற்கும் அசராதவள்.

"இன்னா தோஸ்த், இன்னிக்கி அம்பு மழையாமே? எங்க செக்‌ஷன் பசங்க ஒரே பேஜார் ஆய்ட்டாங்க. உன் ஓர்ப்படி மேல இருக்கிற காண்டுக்கு ஷூ இன்னா பண்ணும் பாவம்?"

"எனக்கு அவ மேல இன்னா காண்டு?"

"அடிப்பாவி. போன மாசம் வரைக்கும் 'எங்க சௌந்தர்யா, எங்க சௌந்தர்யா'ன்னு வாய் ஓயாம சொல்லுவ. ஒரு வாரமா 'மேல இருக்கிறவ'ன்னு சொல்ற. அல்லாவையா சொல்றேன்னு நான் கொழம்பிட்டேன்."

தேவகிக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கியதில் சாம்பார் புரை ஏறியது. தண்ணீர் குடித்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"சைரா, பி.யூ. சோலை இருபது வருஷம் கவர்ல கட்டி வச்சிருந்து எடுத்துப் போட்டா இன்னா ஆவும்?"

"தூளாய்டும். இதக்கூட என்கிட்ட கேக்கணுமா நீ?" சைரா சப்பாத்தியைக் கிள்ளுவதை நிறுத்தினாள். "யாரு செருப்பு?"

"யாருதோ."

"யாருதோவா இருந்தா அம்பு ஒட்டியிருப்பியே."

தேவகி சோற்றைப் பிசைந்தாள். சைரா தன் டிபனிலிருந்து ஒரு துண்டு கறியை எடுத்து அவள் தட்டில் வைத்தாள். "நாலு மணிக்குத்தானே டெஸ்ட்டு? மூணு வரைக்கும் டைம் இருக்கு. போன்ல சொல்ல அர நிமிஷம் ஆவும்" என்றாள்.

தேவகி போனை எடுத்தாள். எடுத்தது சொல்வதற்காகத்தான். சௌந்தர்யாவின் பெயரைத் தேடும்போது அவள் ஃபேஸ்புக் பதிவு கண்ணில் பட்டது. மாம்பழ நிறச் சேலையில், மொட்டை மாடியில், முதுகைக் காட்டி ஒரு படம். கீழே, 'மீண்டும் காவேரி'. அதற்கு முதல் ஆளாகக் கைதட்டும் பொம்மை போட்டிருந்தவர் சம்பத். தேவகியின் படத்துக்கு அந்த மனுஷன் இன்றுவரை ஒரு புள்ளிகூட வைத்ததில்லை.

போனைக் கவிழ்த்து வைத்தாள். மூன்று மணிக்குப் பர்மிஷன் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

மண்டபத்தில் முந்தின நாள் கல்யாணத்தின் வாழைமரம் வாசலில் வாடி நின்றது. உள்ளே மேடைக்கு எதிரே நாற்காலி போட்டு, சானலின் கிரியேட்டிவ் ஹெட் உட்கார்ந்திருந்தான். பெயர் வசந்த். முப்பது வயது இருக்கும். காவேரி கிணற்றில் விழுந்தபோது நான்காம் வகுப்பிலோ ஐந்தாம் வகுப்பிலோ இருந்திருப்பான்.

"நாங்க பண்றது ரீமேக் இல்ல. ரிட்டர்னும் இல்ல. மக்களோட மெமரிக்குள்ள ஒரு எமோஷனல் ரீ-என்ட்ரி" என்றான் வசந்த்.

"டெக்னிக்கலா கரெக்ட் சார்" என்றான் சம்பத். அவன் இதற்காக லீவு போட்டுவிட்டு, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் வந்திருந்தான். லாரியில் சரக்கு ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போன தம்பிக்குப் பதிலாகத் தம்பி மனைவிக்கும் துணை அவன்தான் என்று, அங்கே இருந்த எல்லோரிடமும் யாரும் கேட்காமலே சொல்லியிருந்தான்.

தேவகி வசந்தின் ஷூவைப் பார்த்தாள். விலை கூடிய சரக்குதான். ஆனால் இடதுக்கும் வலதுக்கும் ஷேடு ஒத்துப்போகவில்லை. வலது முன்பக்கத்தில் சுருக்கம். மனதுக்குள் இரண்டு அம்பு ஒட்டிய பிறகு அவன் முகத்தை நேராகப் பார்க்கத் தைரியம் வந்தது.

"நீங்க…?" என்றான்.

"காவேரி."

"ஓ! பழைய காவேரி."

"புதுசு யாரு தம்பி?"

"அதத்தான் மேடம் இப்ப பாக்கப் போறோம்."

முதலில் சௌந்தர்யா. மேடையின் ஓரத்திலிருந்து சாப்பாட்டுக் கூடத்தின் கதவு வரைக்கும் நடந்து, அங்கே திரும்ப வேண்டும். சேலை சரசரக்க எழுந்தவள், போகிற போக்கில் தேவகியின் தோளைத் தொட்டாள். "வேண்டிக்குங்கக்கா." தேவகிக்கு எதை வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

நடந்தாள்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அழகான நடைதான். முதுகு பேசியது. நாற்பத்தொரு பகுதிகளில் தேவகியின் கண்கள் சொன்னதைவிட அதிகமாக அந்த முதுகு சொல்லியது. வசந்த் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தான். சம்பத்தின் வாய் லேசாகத் திறந்திருந்தது. தேவகி முதுகைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்த வாயைப் பார்த்தாள்.

ஏழாவது அடியில் தரையில் ஒரு பழுப்புத் துணுக்கு விழுந்தது. எட்டில் இரண்டு. ஒன்பதில், பின்னால் கோழிக்குத் தீவனம் போட்டுக்கொண்டே போவது போல ஒரு கோடு. பதினோராவது அடியில் இடது சோல் மொத்தமாகக் கழன்று தரையில் நின்றுவிட்டது. சௌந்தர்யா மட்டும் முன்னே போனாள். கால் வழுக்கி, முட்டி இடித்து, மாம்பழச் சேலையோடு தரையில் உட்கார்ந்தாள்.

வாட்ச்மேன் சிரித்தான். கேமராப் பையனும் சிரித்தான்.

சௌந்தர்யா அழவில்லை. கையில் ஒரு துண்டை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். அது மாவாயிற்று. அப்போதுதான் அவள் திரும்பினாள். வசந்த் உட்கார்ந்திருந்த பக்கம் அல்ல. தேவகி உட்கார்ந்திருந்த பக்கம்.

"அவங்களுக்கு யாராவது ஐஸ் வைங்கப்பா" என்றான் வசந்த், எமோஷன் எதுவும் இல்லாமல். "மேடம், நீங்க போங்க. செருப்பு வேணாம். சும்மா நடங்க."

தேவகி எழுந்தாள். முட்டி 'கடக்' என்றது. வெறும் காலோடு நடந்தாள். தரையெல்லாம் தூள், உள்ளங்காலில் ஒவ்வொரு அடியிலும் குத்தியது. குதிகால் முதலில் இறங்கியதா, விரல் இறங்கியதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கதவை எட்டினாள். திரும்பினாள்.

நேர் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில், முட்டியில் ஐஸ் பையோடு சௌந்தர்யா உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்டியே நில்லுங்க!" வசந்த் எழுந்தேவிட்டான். "யாரும் பேசாதீங்க. மேடம், அந்தக் கண்ணு! திரும்பி வர்றவ சந்தோஷமா பாப்பான்னுதான் நாங்க எழுதி வச்சிருந்தோம். நீங்க என்னமோ ஒரு பெரிய தப்பப் பண்ணிட்டு வந்து நிக்கிற மாதிரி பாத்தீங்க. கொன்னுட்டீங்க. என்ன நெனச்சீங்க அந்த செகண்ட்ல?"

ஊமைப் பாத்திரத்தில் ஒரு வசதி உண்டு. பதில் சொல்ல வேண்டியதில்லை.

"நடையும் நீங்க, முகமும் நீங்க. வியாழக்கிழமை பாலத்துல ஷூட். ஒரே பிரச்சன, செருப்பு. அந்த வளையம் வச்ச செருப்ப மக்கள் மறக்கல. அதே மாதிரி யாராவது செஞ்சு தர முடியுமா?"

சம்பத் இரண்டடி முன்னால் வந்தான். வாழ்க்கையில் அவன் காத்திருந்த கேள்வி அது.

"யாராவது இன்னா சார், செஞ்சதே நான்தான். பழைய கம்பெனி மூடுனப்ப பேட்டர்ன் அட்டையெல்லாம் வீட்டுக்குக் கொண்டாந்துட்டேன். வியாழக்கெழமைக்குள்ள அச்சு அசலா செஞ்சு குடுத்துடுவேன். டெக்னிக்கலா அது எனக்கு ஒரு மேட்டரே இல்ல."

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் சம்பத் மட்டும் டிரைவரோடு பேசினான்.

ஆறரை மணிக்குச் சம்பத் ஸ்டூல் மேல் ஏறி நின்று, பரணில் கைவிட்டுத் துழாவினான். கீழே தேவகி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஜெயித்த களை அவள் முகத்தில் இல்லை. மாடியில் சத்தமே இல்லாதது, காலையில் கேட்ட சத்தத்தைவிட மோசமாக இருந்தது. இவர் இறங்கட்டும், மேலே போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். என்னவென்று சொல்வது என்றுதான் தெரியவில்லை.

"மாட்டிக்கிச்சு! இந்தா புடி."

கயிற்றில் கோத்த பழைய அட்டைக் கட்டு ஒன்று அவள் கைக்கு வந்தது. செருப்பின் மேல்பாகத்தை வெட்ட உதவும் அட்டை வடிவங்கள். ஒவ்வொன்றிலும் பேனாவால் எழுதிய குறிப்பு.

"என் கண்ணாடி கீழ இருக்கு. நீயே பாத்து சொல்லு. மேல ஆர்ட்டிகிள் பேரு எழுதியிருக்கும். பித்தள வளைய மாடல்."

தேவகி புரட்டினாள். ஏழாவது அட்டையில் கண்டுபிடித்தாள். சம்பத்தின் கையெழுத்துதான். முத்து முத்தாக எழுதுவான்.

"காவேரி" என்று படித்தாள்.

"அதேதான். படி படி."

"சைஸ் முப்பத்தேழு."

"சாம்பிள் சைஸ். அடுத்து?"

"சௌ. கால் அளவு." அவள் குரல் மெதுவாக இறங்கியது. "சுண்டு விரல் பக்கம் மூணு மில்லிமீட்டர் கூட்டி."

ஸ்டூல் லேசாக ஆடியது. பிடித்திருந்தவள் ஆட்டவில்லை.

அலமாரியிலிருந்து கைக்குக் கிடைத்ததை எடுத்துக் கொடுத்த செருப்புக்குச் சுண்டு விரல் அளவு எதற்கு? சௌந்தர்யாவுக்குச் சுண்டு விரல் கொஞ்சம் வெளியே தள்ளி இருக்கும். ஒருத்தியின் காலைக் கையில் எடுத்து, நாடா போட்டு அளந்தவனுக்குத்தான் அது மில்லிமீட்டரில் தெரியும். கட்டின நாளாகத் தேவகி போடுவதெல்லாம் கம்பெனியில் ஓட்டை உடைசல் என்று கழித்துக் கட்டி விற்கும் செகண்ட்ஸ் செருப்பு. அவள் காலை இந்த மனுஷன் ஒரு நாளும் அளந்ததில்லை.

"அவ்ளோதானே? குடு, எறங்குறேன்" என்றான் சம்பத்.

"இன்னும் ஒரு வரி இருக்கு."

"இன்னா?"

"தேதி. பதினொண்ணு, ஆறு, ரெண்டாயிரத்து அஞ்சு."

பரணுக்குள் இருந்த இரண்டு கைகளும் அசையவில்லை.

தேவகிக்கு வளைகாப்பு ஜூலை பத்து, ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குச் சாயந்தரம்தான் அவள் குடியாத்தத்துக்குப் போனாள். அதற்கு ஒரு மாதம் முன்பு, ஜூன் பதினொன்றாம் தேதி, இதே வீட்டில், இதே கூடத்தில்தான் இருந்தாள். 'கடைசி சீனுக்குக் கண்டிப்பா கூப்பிடறேன்மா, முதுகுதானே, வயிறு தெரியாது' என்று டைரக்டர் சொன்ன வார்த்தையை நம்பி, வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

அவசரமும் இல்லை, ஆள் இல்லாமலும் இல்லை. அவள் இடத்தை அவள் இருக்கும்போதே எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

"என்னத் தேடி வந்தப்ப நான் இல்லன்னு சொன்னீங்களே" என்றாள். "நான் இருந்தேனே."

"தேவகி, அது வந்து… டெக்னிக்கலா…"

"எறங்குங்க."

இறங்கினான். மண்டபத்தில் மடிப்புக் கலையாமல் இருந்த சட்டையில் ஒட்டடை படிந்திருந்தது. தேவகி மேஜையிலிருந்த பர்ஸைத் திறந்து ஸ்டிக்கர் தாளை எடுத்தாள். ஒரு சிவப்பு அம்பை உரித்து அவன் சட்டைப் பையின் மேல், அது எந்தப் பக்கம் காட்ட வேண்டுமோ அந்தப் பக்கம் காட்டும்படி, நிதானமாக ஒட்டினாள்.

"இன்னா இது?" என்றான் சம்பத்.

செய்தவனுக்குத் தெரியும்.

வாசலில் நிழல் விழுந்தது. முட்டியில் கட்டுத் துணியோடு, ஒரு காலைத் தாங்கித் தாங்கி, சௌந்தர்யா நின்றாள். கையில் அதே பிளாஸ்டிக் கவர். உள்ளே இப்போது இரண்டு பித்தளை வளையமும் ஒரு படி பழுப்புத் தூளும்தான் இருந்தன. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"அக்கா" என்றாள். "காலையில உங்க கட்டைவிரலு அமுங்குனத நான் பாத்தேன். பாத்தும், நீங்க நல்லா இருக்குன்னு சொன்னதத்தான் நம்புனேன்." கையை நீட்டினாள். "அந்த ஸ்டிக்கர்ல எனக்கு ஒண்ணு குடுங்க."

"யாருக்கு?" என்று கேட்டான் சம்பத். புரியாத மாதிரி கேட்பதில் அவனுக்கு முப்பது வருடச் சர்வீஸ்.

தேவகி தாளிலிருந்து இன்னொரு அம்பை உரித்தாள். அது விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு நின்றது. அதைச் சௌந்தர்யாவின் நீட்டிய உள்ளங்கை வரைக்கும் கொண்டுபோய், அங்கேயே நிறுத்தினாள்.

"தர்றேன். எனக்கு ஒட்ட வேண்டியதுதான், நெத்தியிலயே ஒட்டு" என்றாள். "அதுக்கு முன்னாடி நீ ஒண்ணு சொல்லு. நான் வாசலப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தனே, அந்த ஜூன் மாசம்… உன் கால அளவெடுக்கணும்னு யாரு கூப்ட்டா? டைரக்டரா, இவரா?"

சௌந்தர்யா தேவகியைப் பார்க்கவில்லை. சம்பத்தைப் பார்த்தாள்.

சம்பத் பரணைப் பார்த்தான்.

"மாமா," என்றாள் சௌந்தர்யா, "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"